கடைங்களா என்றார்கள், ஆமாங்க என்றேன்

என்னுடையதல்லாத ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, அந்தக் கடையிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத் தொலைவில், சேலத்தில் என் வீட்டு நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்துகொண்டு, சில மாதங்கள் முதலாளி மாதிரி போன் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரனுக்கே தெரியாது. அலமாரி நிறையப் புத்தகம் படித்த ஒருவன் ஐம்பது வயதுக்கு மேல் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பதில் யோசிப்பதற்குள் மறுபடி போன் அடித்துவிடும்.

கடை என் நண்பனுடையது. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றவன். நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் மண்டிகளுக்குப் பக்கத்தில், அவனும் அவன் மனைவியும் ஒரு மெஸ் நடத்துகிறார்கள். நான்கு மேஜை. அந்தம்மா சமைப்பார், இவன் பரிமாறுவான். மஞ்சள் ஏலம் நடக்கும் நாளில் இலை போட இடமிருக்காது. எதிரிலேயே கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு ஓட்டல் வந்த பிறகு ஏல நாளிலும் இலைகள் வாட ஆரம்பித்தன.

"ஆடி முடியற வரைக்கும் பாக்கறது மாப்ள. ஆகலைன்னா கடையை உட்டுட்டு மச்சானோட கோழிப்பண்ணைக்குப் போயர்றேன். இத்தன வருசம் வறுத்த கோழிக்கு இனித் தீவனம் போடோணும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

நான் உடனே, "உனக்கு ஒரு வெப்சைட் செஞ்சு தர்றேன்" என்றேன். எனக்கு வெப்சைட் செய்யத் தெரியாது என்பதை இருவரும் அப்போது பொருட்படுத்தவில்லை.

உண்மையில் அவனுக்கு வெப்சைட் எவ்வளவு தேவையோ, அதைவிட எனக்கு ஒரு வேலை தேவை. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். விருப்பம் ஆபீசுடையது, ஓய்வு மட்டும் என்னுடையது. மனைவி மகளின் பிரசவத்துக்கென்று புனேவுக்குப் போயிருந்தாள். குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டது, அவள் திரும்பவில்லை. சண்டையெல்லாம் இல்லை. அங்கே அவள் தேவைப்பட்டாள். இங்கே அவளுக்கு அப்படி ஒரு அனுபவம் வாய்த்ததில்லை என்பதை அவள் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

வீடு அப்போது எப்படி இருந்தது என்றால், பிரிட்ஜ் உறுமுவதை நிறுத்தினால் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். காலையில் பால்காரரிடம் ஒரு வார்த்தை பேசினால் அதன் பிறகு மாலை வரை குரலுக்கு வேலையில்லை. ஒருநாள் மதியம் கொரியர் பையன் வந்து கையெழுத்துக் கேட்டபோது என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இணையத்தில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இலவசமாகக் கிடைத்த ஒரு வெப்சைட் அச்சில் நம்முடைய படங்களையும் எழுத்துகளையும் நிரப்பினால் போதும் என்றார்கள். அந்த அச்சில் உயரமான வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு வெள்ளைக்காரர் கையில் கரண்டியோடு நின்றார். அவரை நீக்க எனக்குப் பல நாள் ஆயிற்று. நண்பனின் மனைவிக்குப் பக்கத்தைக் காட்டியபோது அந்தம்மா முழுவதும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. இவரு ஆருங்க?" என்று மட்டும் கேட்டார்.

உணவு வகைகளுக்கு நானே விளக்கம் எழுதினேன். பல வருடமாகச் சிறுபத்திரிகைகளில் நகைச்சுவை எழுதி, அதைப் படித்துச் சிரித்த ஒருவரையும் நேரில் சந்திக்காதவன் நான். கிடைத்த இடத்தை விடுவேனா? பச்சைப்புளி ரசத்துக்கு ஒரு பத்தி. குடல் வறுவலுக்கு இரண்டு.

"கொடலுக்கு எதுக்குடா இத்தன நீளம்?" என்றான் நண்பன்.

"குடலே நீளம்தானே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. தொழிலில் கவலை வந்துவிட்டால் மனிதர்களுக்கு ரசனை போய்விடுகிறது.

பக்கத்தின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கடைக்குப் போன் போகும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னிடமிருந்த இரண்டாவது சிம்மின் எண்ணை அதில் போட்டு வைத்தேன். ஏதோ சலுகைக்காக வாங்கிய சிம். அந்த எண் மனிதர் யாருக்கும் தெரியாது. எனக்குக் கடன் கொடுக்கத் துடித்த ஒரு பதிவு செய்த பெண்குரலுக்கு மட்டும் தெரியும். அழுத்திப் பார்த்தேன். என் போன் அடித்தது. நானே எடுத்து "ஹலோ" என்றேன். இரண்டு பக்கமும் நானே இருந்ததால் பேச்சு வளரவில்லை. வேலை முடிந்தது என்ற மகிழ்ச்சியில் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன்.

அதுவரைக்கும் மறதி. அதற்கு மேல் நடந்ததை மறதி என்று சொல்ல முடியாது.

நண்பன், கைபேசியைக் காட்டினால் வெப்சைட்டைத் திறக்கிற கியூஆர் கட்டத்தை அச்சடித்து மண்டிச் சுவர்களிலெல்லாம் ஒட்டினான். அடுத்த நாள் பதினோரு மணி வாக்கில் இரண்டாவது சிம் அடித்தது. கடன்குரலாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்தேன்.

"கடைங்களா?"

ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். சரியான எண்ணைக் கொடுத்திருக்கலாம். அன்று காலையில் பால்காரரும் பையைத் தொங்கவிட்டுவிட்டுப் பேசாமல் போயிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

"இன்னைக்குக் கொடல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. நாலு பேருக்கு எடுத்து வெக்கச் சொல்லட்டுங்களா?"

எனக்குள் இப்படி ஒரு வியாபாரி இருப்பது எனக்கே தெரியாது. போனை வைத்த கையோடு நண்பனைக் கூப்பிட்டு, தெரிந்தவர்கள் நாலு பேர் சாப்பிட வருகிறார்கள், குடல் எடுத்து வை என்றேன். "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கற போல மாப்ள" என்றான். குரல் இளகியிருந்தது. எண்ணை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ராத்திரி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ராத்திரி வந்தபோது, மறுநாளும் யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துவிட்டு மாற்றலாம் என்று தோன்றியது.

கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்து மனிதர்களின் சுபாவம் அது: வெப்சைட்டில் விலை, நேரம், வழி எல்லாம் எழுதியிருக்கும், அதைப் படித்து முடித்துவிட்டு, உண்மைதானா என்று ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் நிம்மதி. அந்த ஆளாக நான் இருந்தேன். பத்து மணிக்குள் குளித்து, போனைச் சார்ஜ் ஏற்றி, பேனாவும் தாளுமாகத் தயாரானேன். ஆபீசுக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

ஒரு மண்டிக் கணக்கர் அடிக்கடி கூப்பிடுவார். ஒருநாள், "ஏனுங்க, கடைங்கறீங்க, ஒரு சத்தத்தையும் காணமே?" என்றார். என் ஹாலைப் பார்த்தேன். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மனைவி போட்டுவிட்டுப் போன திரைச்சீலை. "இப்பத்தானுங்க ஒரு பந்தி எந்திரிச்சுது" என்றேன். அன்று முதல் போன் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தட்டையும் எவர்சில்வர் டம்ளரையும் வைத்துக்கொண்டு அவ்வப்போது தட்டினேன். கூட்டம் அதிகம் என்று காட்ட வேண்டிய நாட்களில் கொஞ்சம் வேகமாகத் தட்டுவேன்.

வியாழக்கிழமைகளில் ஒரு பெரியவர். ரசம் மட்டும் வேண்டும் அவருக்கு.

"எத்தனை பேருக்குங்க?"

"ஒரு ஆளுக்குங்க."

அந்த 'ஒரு ஆள்' என்னை என்னவோ செய்தது. எனக்கும் குக்கரில் ஒரு ஆளுக்குத்தான் அரிசி போடுவது. அவரிடம் மழை உண்டா, மஞ்சள் விலை எப்படி, ராத்திரி தூக்கம் வருகிறதா என்றெல்லாம் விசாரித்தேன். "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொள்வார். பாவம், பேச ஆளில்லாத மனிதர், என் மூலம் அவருக்கு வாரத்துக்கு ஒரு கால் மணி நேரமாவது நன்றாகப் போகட்டும் என்று நினைத்தேன். வியாழக்கிழமைகளில் புனேயிலிருந்து வரும் அழைப்பைக்கூட, "அப்புறம் பேசறேன், கடையில் கூட்டம்" என்று வைத்துவிட்டேன். அடுத்த முறை கூப்பிட்டபோது மனைவி, "டாக்டரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரைப் பார்த்தேன், பல் டாக்டரை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். உதடும் நாக்கும் என்னுடையவையாக இல்லை. வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். அடிக்கிற போனை எடுக்காமல் இருக்கும் பழக்கம் எனக்கு அப்போது போயிருந்தது.

மண்டிக் கணக்கர். ஏலத்துக்கு ஈரோட்டு வியாபாரிகள் வருகிறார்கள், நாற்பது சாப்பாடு வேண்டும், நன்றாக இருந்தால் இனி ஏலத்துக்கு ஏலம் உங்களுக்கே என்றார். நான் "சரிங்க, சொல்லிடறேங்க" என்றேன். அதாவது அப்படிச் சொல்ல முயன்றேன். வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு எருமை பேசுவது மாதிரி இருந்தது. அவர் திரும்பக் கேட்டார். நான் திரும்ப முயன்றேன். "காலங்காத்தாலயேவா" என்று முணுமுணுத்துவிட்டு அவர் வைத்துவிட்டார். நாற்பது சாப்பாடும் எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவுக்குப் போயிற்று.

மறுநாள் நண்பன் வந்து கதவைத் தட்டினான். கையில் தூக்குப்போசி. பல் பிடுங்கப் போவதை முன்பே சொல்லியிருந்தேன்; பிடுங்கியவனுக்குக் குழைந்த சோறும் ரசமும் கொடுத்தனுப்பியிருந்தார் அந்தம்மா. மேஜை மேல் தட்டும் டம்ளரும் போனும் வரிசையாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மண்டிக்காரரு கடைக்கே வந்துட்டாரு. போனெடுக்கறதுக்குக் குடிகாரனை வெச்சிருக்கீங்களாங்கறாரு. நான் போனெடுக்க ஆளே வெக்கலீங்கன்னேன். நெம்பரைக் காட்டுனாரு, எங்குளுது இல்ல. வெப்சைட்டுல போட்டவன் நீதான." போசியைக் கீழே வைத்தான். "எத்தன நாளாடா?"

"முதல்லேர்ந்து."

"மாத்தறதுக்கு எத்தன நேரமாகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"ம்" என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எம் பொண்டாட்டி நேத்து பூரா அழுதுட்டிருந்தா மாப்ள. நாப்பது சாப்பாடு. ஆடி முடிய இன்னம் நாள் இல்ல." பிறகு, நான் ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "பேசோணும்னா எனக்கே கூப்புட்டிருக்கலாமில்லடா" என்றான்.

அவன் கண் முன்னாலேயே எண்ணை மாற்றினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் மண்டிக்கு நேரில் போய், நடந்ததைச் சொல்லி, அடுத்த ஏலத்துக்குச் சாப்பாட்டைத் திரும்ப வாங்கினான். என்னவென்று சொன்னான் என்று நான் கேட்கவில்லை. ஈரோட்டுக்காரர்களுக்குக் குடல் பிடித்துப்போயிற்று. ஆடி வந்தது, போயிற்று, மெஸ் இருக்கிறது. நண்பன் தினமும் என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். முதல் வாரம் கூப்பிட்டான். அப்புறம் கடையில் கூட்டம் வந்துவிட்டது. கூட்டம் வரவேண்டும் என்றுதானே வெப்சைட் செய்தேன்.

இரண்டாவது சிம் இப்போது சும்மா கிடக்கிறது. பதினோரு மணிக்கு மட்டும் என் கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டு வரும். கடன்குரல்கூட என் மேல் நம்பிக்கை இழந்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மெஸ்ஸுக்குப் போயிருந்தேன். என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தூக்குப்போசியோடு நின்று, "ஒரு ஆளுக்குங்க" என்றார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, என் வியாழக்கிழமைப் பெரியவர். பக்கத்தில் இடம் காட்டி உட்காரச் சொன்னேன். வீட்டில் தனியாக இருக்கிறீர்களோ என்று மெதுவாகக் கேட்டேன்.

"அய்யோ, தனியா எங்கீங்க. மகனுக ரெண்டு பேரு, மருமகளுக, பேரம்பேத்தின்னு ஊடு நெறைய ஆளு. புளி மட்டும் ஒருத்தருக்கும் ஆகாதுங்க."

போனில் சொல்லிவிட்டுத்தான் வந்தீர்களா என்று கேட்டேன். என்னைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிற மாதிரி, குரலைக் கொஞ்சம் உயர்த்தியே கேட்டேன்.

"ஆமாங்க. இப்ப அந்தம்மாவே எடுக்குது. இருக்குதுன்னா இருக்குது, இல்லைன்னா இல்லை, முடிஞ்சுது. முந்தி ஒருத்தரு எடுத்துட்டிருந்தாருங்க, பேச்சை உடவே மாட்டாரு. பாவம், ஊட்டுல ஆருமில்ல போலிருக்குதுன்னு நானும் ஆமா போட்டுட்டே இருப்பேன். வெச்சுட்டு ஓடியாந்து ரசம் வாங்கிட்டுப் போயிப் பாத்தா, ஊட்டுல போட்டு வெச்ச சோறு ஆறிப்போயிருக்கும்."