மூன்று நாள் ஊற்றிய தண்ணீர்

களிமண் வீங்குவதைப் பார்ப்பதுதான் என் வேலை என்று வீட்டுக்கார அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

பொய் சொல்லவில்லை. அணு உலைக் கழிவை உலோகக் கலத்தில் அடைத்துப் பாறைக்கடியில் ஆழமாகப் புதைக்க ஒரு வழி உண்டு. கலத்துக்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பென்டோனைட் என்கிற களிமண்ணை மணலோடு கலந்து இடித்து நிரப்புவார்கள். நிலத்தடி நீர் வந்து தொட்டால் அது வீங்கி, சந்து பொந்தையெல்லாம் தானே அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் உள்ளே போவதும் கஷ்டம், விஷம் வெளியே வருவதும் கஷ்டம்.

திருவண்ணாமலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இந்த ஆராய்ச்சியைச் செய்கிறேன். ஒரு எஃகு வளையத்துக்குள் இரண்டு விரல் கனத்துக்கு அந்த மண். அதைச் சுற்றிச் சின்னத் தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர். மேலே, மண் வீங்க வீங்க முள் ஏறுகிற அளவுமானி. தினமும் காலை பத்து மணிக்கு முள் எங்கே நிற்கிறது என்று எழுதி, குறைந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். ஐந்து மாதம் விடாமல்.

பௌர்ணமியன்று பஸ் கிடைக்காது. கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்துக்கு எதிரே, நான் குடியிருக்கிற வேங்கிக்காலிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போவேன். அத்தனை பேரில் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. விவாகரத்துக்குப் பிறகு வேலை கிடைத்த ஊர் இது, அவ்வளவுதான்.

ஆய்வகத்தைப் பெருக்க அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அக்கா வருவார். நான் குனிந்து முள்ளைப் பார்க்கும்போது துடைப்பத்தை நிறுத்திவிட்டு, இன்னைக்கு ஏறிச்சா என்று கேட்பார். விடுமுறை நாட்களில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

ஐந்தாவது மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர் அதுவரை தாங்கும் என்று தெரியும். கல்லூரிக்கு லீவ் மெசேஜ் அனுப்பினேன், சரி என்று பதில் வந்தது. போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

நாலாம் நாள் போனேன். குறைந்திருக்க வேண்டிய தண்ணீர் விளிம்பு வரை நின்றது. முள் இறங்கியிருந்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்பு. எங்கள் கல்லூரி போர்வெல் தண்ணீர் படுகிற குழாயில் எல்லாம் படிகிற அதே உப்பு. உப்புத் தண்ணீரில் இந்த மண் சரியாக வீங்காது. ஐந்து மாத உழைப்பும் போச்சு. நான் இல்லாதபோது ஆய்வகத்தைத் திறப்பவர் அக்கா மட்டும்தான்.

எனக்கு எப்போதும் மூக்கு மேல் கோபம். எதைத் தொடுகிறோம் என்று தெரியாமல் தொடுவதா, யார் உங்களை ஊற்றச் சொன்னது என்று மாணவர்கள் முன்னாலேயே அக்காவைப் பார்த்துக் கத்தினேன். அவர் பெருக்குவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“மூணு நாளா நீங்க வரல மேடம். உடம்புக்கு என்னவோன்னு நெனச்சேன். நீங்க பாத்துப் பாத்து ஊத்துவீங்களே, காஞ்சிடப் போவுதுன்னு ஊத்துனேன்.”

சொல்லிவிட்டு அடுத்த அறையைப் பெருக்கப் போய்விட்டார். நான் வரவில்லை என்பதைக் கவனித்த ஒரே ஆளிடம் நான் கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். புது மண் இடித்து, முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினேன். காய்ச்சி வடித்த தண்ணீர் கேனைக் காட்டி, நான் வராத நாளில் இதிலிருந்து ஊற்றுங்கள் அக்கா என்று கேட்டேன். தண்ணீருக்காக மட்டும் கேட்கவில்லை. அது அவருக்கும் புரிந்திருக்கும்.

“எனக்கு எதுக்கு மேடம் அதெல்லாம். நீங்களே வந்துடுங்க.”

பிறகு ஒருமுறை காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணிக்குப் போய் நின்றேன். அக்கா இப்போதும் தினமும் வருகிறார். முள் ஏறியதா என்று கேட்பதில்லை. அந்த வளையம் இருக்கிற என் மேசையைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டுத்தான் பெருக்குகிறார். அந்த ஒரு முழத்தை நானே பெருக்கிக்கொள்கிறேன்.