பொத்தான் இல்லாத போன்

எபினேசருக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலைதான். யாரும் பேசாத போன்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது. கடலோரத்தில் இருக்கும் ஓர் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பாக ஒரு போன் உண்டு. அதில் எண் கிடையாது, பொத்தான் கிடையாது. எடுத்துக் காதில் வைத்தால் போதும், கலெக்டர் ஆபீஸ், தீயணைப்பு நிலையம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று நாலு இடத்திலும் மணி அடிக்கும். உலையில் ஏதாவது விபரீதம் என்றால் சுற்றுப்பட்டு ஊர்களைக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் செல்போன் டவரை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அந்த நாள் வரவே கூடாது என்று ஜெபம் பண்ணிக்கொண்டே அந்த நாளுக்காக வேலை பார்க்கிற பிழைப்பு அவருடையது.

ஆள் போடிநாயக்கனூர்க்காரர். குடும்பத்துக்கு ஏலக்காய்க் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் இவர் மட்டும் டெலிபோன் கம்பம் ஏறப் போய்விட்டார். வாலிப வயசில் போடிமெட்டு வளைவுகளில் எஸ்டேட் லைன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் மண் சரிந்தால் லைன் அறுந்துவிடும். ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் நனைந்துகொண்டே ஒட்டுப் போட வேண்டும். ஒரே வழியில் போகிற கம்பியை நம்பக் கூடாது என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

அணுமின் நிலையத்தில் லைன் போடும்போது, இரண்டு கேபிளையும் ஒரே பள்ளத்தில் போட்டு மூடிவிடலாம் என்று காண்ட்ராக்டர் பார்த்தார். எபினேசர் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

"பொக்லைன் ஒரு கொத்து கொத்துனா ரெண்டும் போச்சு. அப்புறம் எதுக்கய்யா ரெண்டு?"

மூன்று மாசம் வேலை இழுத்தது. ஒரு கேபிள் ரோட்டோரமாகப் போனது, இன்னொன்று உப்பளத்தைச் சுற்றிப் போனது. அன்றைக்கு அவரைத் திட்டாத ஆள் இல்லை.

லைன் போட்டதோடு வேலை முடியவில்லை. தினமும் காலை பத்து மணிக்குப் போனை எடுத்து, "கேக்குதா?" என்பார். அந்தப் பக்கம், "கேக்குது சார், லைன் ஓகே" என்பார்கள். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதற்கும் இந்தச் சோதனைக்கு விடுமுறை கிடையாது; அவர் ஊருக்குப் போகிற நாளில் உதவியாள் எடுத்துக் கேட்பான்.

போடியில் மனைவி ஜாக்குலின். பிள்ளைகள் இல்லை. கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பாள். எபினேசர் மாசத்துக்கு இரண்டு ஞாயிறு வருவார். மற்ற நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுக்குப் போன் அடிப்பார். "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்பார். "ஆச்சு. நீங்க?" என்பாள். "ஆச்சு, வைக்கிறேன்." அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை என்று அதில் மனிதருக்குப் பெருமை வேறு.

இந்த ஏப்ரலில் மாவட்டம் முழுக்க அவசரகாலப் பயிற்சி நடந்தது. அதிகாரிகள் சுற்றி நிற்க, எபினேசர் சிவப்புப் போனை எடுத்தார். மற்ற மூன்று இடத்திலும் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தாலுகா ஆபீசில் எழுத்தர் ராஜ்கமல் இருந்தான். இவர் "இது பயிற்சி, அவசர நிலை" என்று ஆரம்பிப்பதற்குள், "கேக்குது சார், லைன் ஓகே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே பதில், அதே டொக். நிஜமாக இருந்திருந்தால் பன்னிரண்டு கிராமத்துக்குச் சேதி போயிருக்காது. எல்லோரும் எபினேசரைப் பார்த்தார்கள்.

சண்டை போடத்தான் தாலுகா ஆபீசுக்குப் போனார். ராஜ்கமல் கண் கலங்கி நின்றான்.

"தெனமும் அதத்தானண்ணே கேப்பீங்க. காது கேக்குறதுக்குள்ள வாய் சொல்லிருச்சு, கை வச்சிருச்சு."

அவனை என்ன சொல்லித் திட்டுவது? அப்படிப் பழக்கியவரே இவர்தான். திரும்பி வந்து முறையை மாற்றினார். இனி தினமும் ஒரு புதுச் சொல்லைச் சொல்வார், எதிர்ப்பக்கம் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லுக்கு எங்கே போவது? ஊர்ப்பக்கத்துப் பெயர்களாகவே எடுத்துவிட்டார். ஒரு நாள் குரங்கணி, ஒரு நாள் கொட்டக்குடி, ஒரு நாள் முந்தல். மேலதிகாரிகளுக்கு ரொம்பத் திருப்தி. மே மாசத்தோடு அறுபது முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டியவரைக் கூப்பிட்டு, புது உலைக்கும் லைன் போட வேண்டும், இன்னும் இரண்டு வருஷம் இருங்கள் என்றார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குள் பதில் வேண்டும்.

உடம்பு அலுத்துப்போயிருந்தது. முட்டி வலி, உப்புக் காற்று, மெஸ் சாப்பாடு. ஆனாலும், நீங்கள் இல்லாமல் முடியாது என்று ஒருத்தர் சொல்வது அறுபது வயசில் சும்மா இல்லை. சனிக்கிழமை ஏழு மணிக்குப் போன் அடித்தார்.

"ஜாக்கு, ரெண்டு வருஷம் கூட இருக்கச் சொல்றாங்க. இருக்கவா?"

"ஆச்சு. நீங்க? சரி, வைக்கிறேன்."

அந்தப் பக்கம் போனை வைத்தாகிவிட்டது. எபினேசர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

போடியில் இறங்கியபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஜாக்குலின் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, முறத்தை மடியில் வைத்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து போன்ல நான் என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்."

"என்னத்தச் சொல்லுவீக. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா."

"ரெண்டு வருஷம் கூட இருக்கவான்னு கேட்டேன். நீ பாட்டுக்கு ஆச்சுன்னு வச்சிட்ட."

குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி நின்றார். அவள் பதறவில்லை. கை பாட்டுக்குக் காயைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"மார்ச்சுல நானும் ஒண்ணு சொன்னேன். தேனில ஆஸ்பத்திரில படுத்திருக்கேன், நாளைக்கு மார்ல கட்டி எடுக்குறாகன்னேன். 'ஆச்சு, வைக்கிறேன்'னு வச்சிட்டீக."

பயிற்சி வேலை என்று மார்ச் முழுக்க எபினேசர் ஊருக்கு வரவில்லை.

"கையெழுத்துப் போட ஆள் வேணும்னாக. கடையில கூட வேல பாக்குற பொன்மணிதான், தங்கச்சின்னு சொல்லிப் போட்டா. பயப்பட ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட்டு வந்துருச்சு."

"மறுபடி அடிச்சிருக்கலாம்ல ஜாக்கு?"

"ஒருக்கா சொல்றதுக்கே தெம்ப எங்கெங்கயோ தேடிப் புடிச்சேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் அழுதிருந்தால் தேற்றியிருப்பார், கத்தியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அவள் முறத்தைத் தட்டிச் சருகை ஊதினாள்.

"போயி இருந்துட்டு வாங்க. அங்கயாச்சும் ஒங்கள வேணுங்கறாக. எனக்கு இப்படியே பழகிப்போச்சு."

சொன்னதில் ஒரு துளி கோபம் இல்லை. அதுதான் எபினேசரால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே அதிகாரிக்குப் போன் அடித்தார்.

"சார், நான் வரல."

"என்ன எபினேசர், வீட்ல போக வேணாம்னுட்டாங்களா?"

"இல்ல சார். போகச் சொல்லிட்டா. அதனாலதான் வரல."