பாரம் அக்கா நடத்தாத பயிற்சி

"ஒரு குழந்தை நிம்மதியா தூங்குது. அதை எந்தக் கட்டத்துல எழுதுறது? எத்தனைன்னு எழுதுறது?"

ஜெராக்ஸ் கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னாலிருந்து பாரம் அக்கா இப்படிக் கேட்டபோது, நகல் எடுக்க வரிசையில் நின்ற எவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவருக்கும் அன்று தெரியவில்லை. அக்கா பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, உதட்டை மடித்துக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எழுத்துகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அறைக்கு நிதி தருகிற அறக்கட்டளையின் விண்ணப்பத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்நூறு எழுத்துதான் இடம். கணினியோ நம் எழுத்தை நம்மைப் போல எண்ணுவதில்லை. துணைக்காலைத் தனியாக எண்ணும், புள்ளியைத் தனியாக எண்ணும். 'தாய்மார்கள்' என்று ஆறு எழுத்து எழுதினால் பதினொன்று என்று சொல்லும். "காலுக்கு ஒரு டிக்கெட், புள்ளிக்கு ஒரு டிக்கெட் கேக்குற பஸ் இது," என்பார் அக்கா. அதனால் அவர் எழுதும் விண்ணப்பங்களில் தாய்மார்கள் வரமாட்டார்கள், அம்மாதான் வருவார். துன்பம் வராது, வலிதான் வரும். "கஷ்டப்படுறவங்க கஷ்டத்தைக்கூடச் சுருக்கமாத்தான் படணும்," என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் தாளை வாங்கி இயந்திரத்தில் வைப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடைக்கு வரும் கடிதங்களில் மட்டும் அது இருக்கும். ஃபார்ம் நிரப்பித் தருகிற அக்கா என்பது தெருவின் வாயில் தேய்ந்து பாரம் அக்கா ஆகிவிட்டது. "பேரு சரியாத்தான் இருக்கு," என்பார் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக். "வீட்டுல ஒரு டீ கேட்டேன். 'எதிர்பார்க்கும் விளைவு என்ன'ன்னு கேக்குறா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று யாராவது கேட்டால், "தூக்கம் கலையறதுன்னேன். ரெண்டு நாள் கழிச்சு டீ வந்துச்சு," என்பார். அக்கா இதற்கெல்லாம் முகத்தைத் திருப்புவதில்லை. "ரெண்டு நாள்ல கொடுத்திருக்கேன்ல. அறக்கட்டளையில கேட்டுப் பாருங்க."

கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி, ஒரு குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அந்த அறை. விடியுமுன் மருத்துவமனைத் துப்புரவுக்கும் பேருந்து கழுவவும் கிளம்புகிற பதினோரு பெண்கள், தங்கள் குழந்தைகளைத் தூக்கக் கலக்கத்தோடு தூக்கி வந்து அங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். அக்காவின் கடைசி மகளும் இப்போது அங்கேதான். பார்த்துக்கொள்கிறவர் ஒருவரே. குழந்தைகள் அவரை அத்தை என்று கூப்பிட, அம்மாக்களும் அத்தை என்று கூப்பிட, அவரைவிட வயதில் மூத்த தண்ணீர் லாரி ஓட்டுநரும் அத்தை என்றே கூப்பிடுகிறார். அழுகிற சத்தத்தை வைத்தே பசியா, ஈரமா, சும்மாவா என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிடுவார். சான்றிதழ் என்று எதுவும் அவரிடம் கிடையாது.

அந்த அறைக்கு அறக்கட்டளை நிறையக் கொடுத்திருக்கிறது. கதவைவிடப் பெரிய பெயர்ப்பலகை. ஒரு புரொஜெக்டர், அதற்கொரு வெள்ளைத் திரை. தூங்குகிற குழந்தைகளுக்கு இப்போது அந்தத் திரைதான் மறைப்பு. முதுகில் கொடையாளர் பெயர் அச்சடித்த பனியன்கள் நாற்பது. அவற்றால் தரை துடைக்கிறார்கள், நன்றாகவே உறிஞ்சுகின்றன. அங்கே வளர்ந்த குழந்தைகள் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் அறக்கட்டளையின் பெயர்தான். வேறு எதுவும் அந்தச் சுவர்களில் எழுதியிருக்கவில்லை.

அத்தைக்குச் சம்பளம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அக்கா அதைத்தான் முதலில் கேட்டு எழுதினார். சம்பளம் நிர்வாகச் செலவு, புதிய திட்டங்களுக்கு மட்டுமே நிதி என்று பதில் வந்தது. "அப்ப பிள்ளைய யாரு பாத்துக்குவா, புரொஜெக்டரா?" என்று கடையில் நின்றபடி கடிதத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு மூன்று நாள் பென்சிலைக் கடித்தார். நான்காம் நாள் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்.

அந்தச் சொல் பயிற்சி.

அன்றிலிருந்து அத்தை 'முதன்மைப் பயிற்சியாளர்' ஆனார். சம்பளம் 'மதிப்பூதியம்' ஆனது, அறை வாடகை 'பயிற்சிக்கூட வாடகை' ஆனது. அம்மாக்கள் மதியம் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போகும்போது ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த நோட்டு பயிற்சி வருகைப்பதிவு. முதல் வருடம் விழிப்புணர்வுப் பயிற்சி, அடுத்த வருடம் தலைமைப் பண்பு, அதற்கடுத்து தாங்குதிறன். மேலே தலைப்பு மட்டும் மாறும், கீழே அதே பிள்ளைகள் அதே மாதிரி தூங்குவார்கள். "போன வருஷமே விழிச்சிட்டேன்க்கா, இந்த வருஷமும் விழிக்கணுமா?" என்று பேருந்து கழுவும் பெண் கேட்டதுண்டு. "இந்த வருஷம் விழிக்க வேணாம், தலைமை தாங்கு. கையெழுத்தைப் போட்டுட்டு மூக்கைத் துடை, உன் பையனுக்குத்தான்," என்றார் அக்கா.

எல்லோருக்கும் ஒரே பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். "யாரு வந்து கேட்டாலும், போன்ல கேட்டாலும், 'பயிற்சி நல்லா இருந்துச்சு, இன்னும் வேணும்'னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வரக் கூடாது." ஆறு வருடத்தில் அந்த அறையில் உண்மையாக நடந்த ஒரே பயிற்சி அதுதான்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அறக்கட்டளை திருந்தியது. கொடுப்பவர் முடிவெடுத்த காலம் போய்விட்டது, இனி மக்களே முடிவெடுப்பார்கள் என்று அறிக்கை வந்தது. வருடா வருடம் சரிபார்க்க வந்துகொண்டிருந்த கண்காணிப்பு அலுவலரின் பதவிப் பெயரும் செவிமடுப்பு அலுவலர் என்று மாறியது. அதுவரை அவரைக் கண்ணு மேடம் என்று சொல்லிவந்த தெரு, மறுநாளிலிருந்து காது மேடம் என்று சொல்லத் தொடங்கியது. நல்ல பெண். யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொள்வார்.

புதிய முறையின்படி பதினோரு அம்மாக்களுக்கும் தொலைபேசி வந்தது. உங்களுக்கு மிகவும் தேவையானது என்ன? யோசித்துச் சொல்லுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றது ஒரு குரல். பதினோரு பேரும் யோசிக்காமல் சொன்னார்கள். பயிற்சி.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மக்களின் ஒருமித்த விருப்பப்படி அந்த அறை ஒன்றாம் தேதி முதல் முழுநேரப் பயிற்சி மையமாகிறது. சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள் வெளியிலிருந்து வருவார்கள். இதுவரை பணியாற்றிய பயிற்சியாளருக்கு நன்றி மடல் வழங்கப்படும். பயிற்சி நேரத்தில் குழந்தைகளை அழைத்துவர வேண்டாம்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்தைக்கூட எண்ணவில்லை.

"எனக்கு மடல் தர்றாங்களாம்," என்றார் அத்தை, ஒரு குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே. "பாக்கெட் போடுற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்கடி. ஒண்ணாம் தேதியிலிருந்து வரச் சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"பொறுங்கத்தை. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டதுதானே இது."

அக்கா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தார். பயிற்சி நடக்கவில்லை என்று சொன்னால், ஆறு வருடம் ஏமாற்றினார்கள் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் ஒன்றாம் தேதி அத்தனை குழந்தைகளும் படிக்கட்டில் நிற்கும், அதில் ஒன்று அவருடையது. அன்று கடையில் ஒருவர் கேட்ட மூன்று நகலுக்கு முப்பது எடுத்துவிட்டார்.

எந்தப் பயிற்சி என்று முடிவெடுக்க அறக்கட்டளை வைத்த கூட்டம் ஒரு மதியம், வேலை முடிந்து அம்மாக்கள் திரும்பியதும், அந்த அறையிலேயே நடந்தது. மேலே கீழே என்ற வித்தியாசம் கூடாது என்பதால் எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும் என்றார் காது மேடம். பிறகு அவருக்குத் தரையில் உட்கார வராது என்று தெரிந்ததும், குழந்தைகளின் நாற்காலி ஒன்றைப் போட்டார்கள். கால்மூட்டு மோவாய்க்கு வந்த நிலையில் அவர் பேசினார். "இன்னைக்கு நான் பேச வரல. கேக்கத்தான் வந்திருக்கேன்." அரை மணி நேரம் அதை விளக்கினார்.

சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். தாளில் மூன்று கட்டங்கள். தலைமைப் பயிற்சி. தொழில் பயிற்சி. வாழ்க்கைத்திறன் பயிற்சி. பிடித்த கட்டத்தில் ஒட்டலாம்.

"நாலாவது கட்டம் ஒண்ணு இல்லையா மேடம்?" என்றார் பேருந்து கழுவும் பெண்.

"முடிவு முழுக்க உங்களோடதும்மா. இந்த மூணுக்குள்ள."

எல்லோரும் பாரம் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா எழுந்து நின்றார். "விளிம்புநிலை அம்மாக்களின் பொருளாதாரப் பங்கேற்பை உறுதிசெய்யும் நோக்கில், நிலைத்த பராமரிப்புச் சூழலை..." என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டார். ஆறு வருடம் விண்ணப்பம் எழுதிய வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"என்னடி சொல்றே," என்றார் அத்தை. "தமிழ்ல சொல்லு."

யாரோ சிரித்தார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்.

"பயிற்சின்னு ஒண்ணு இங்க நடக்கவே இல்ல மேடம். ஆறு வருஷமா ஒரு நாளும் நடக்கல. அத்தை பிள்ளைங்கள பாத்துக்கிட்டாங்க. அதுக்குச் சம்பளம் கேட்டா தரமாட்டோம்னீங்க, பயிற்சின்னு கேட்டா தந்தீங்க. எழுதினது நான்."

காது மேடத்தின் தலையாட்டல் நின்றது. "வருகைப்பதிவுல கையெழுத்து இருக்கே."

"பிள்ளைய வாங்கிட்டுப் போனதுக்கு மேடம்."

"தொண்ணூத்திரெண்டு சதவீத அம்மாக்களோட தன்னம்பிக்கை கூடியிருக்குன்னு ரிப்போர்ட்டுல..."

"நான்தான் போட்டேன். நூறு போட்டா நம்பமாட்டீங்க."

காது மேடம் கையிலிருந்த பேனாவை மூடினார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "அந்தத் தொண்ணூத்திரெண்டை நான் மூணு ஊர்ல மேடையேறிச் சொல்லியிருக்கேன்," என்றார். "எனக்குக் கை தட்டினாங்க."

"பொய் மேடம் அது. ஆனா பிள்ளைங்க தூங்கினது பொய் இல்ல," என்றார் அக்கா. "இவங்கள்ல ஒருத்திகூட ஒரு நாள் வேலைக்கு லேட்டாப் போகல. அதை எழுதக் கட்டம் இல்ல. கட்டம் இருந்திருந்தா நான் எதுக்கு இத்தனை கதை எழுதப்போறேன்?"

"நான் இதைப் போய் அங்க சொன்னா, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க. தெரியுமா?"

"கேக்கட்டும். அந்த புரொஜெக்டர எடுத்துக்கட்டும்," என்றார் அத்தை. "எடமாவது கிடைக்கும்."

பேருந்து கழுவும் பெண்தான் முதலில் எழுந்தார். காது மேடத்தின் மடியிலிருந்த மார்க்கரைக் கேட்காமல் எடுத்து, மூன்று கட்டங்களுக்கும் கீழே கோணலாக ஒரு கட்டம் போட்டார். உள்ளே 'அத்தை சம்பளம்' என்று எழுதினார். கையிலிருந்த மூன்று ஸ்டிக்கரையும் அதிலேயே ஒட்டினார். அடுத்தவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மேலே இருந்த மூன்று கட்டங்களும் வெள்ளையாகவே இருந்தன. கீழ்க்கட்டத்தில் இடம் போதாமல் ஸ்டிக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

காது மேடம் அதைப் பார்த்துக்கொண்டே கோப்பைத் திறந்து மடியில் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அவருடைய பக்கத்திலும் ஒரு படிவம் இருக்கிறது என்பதும், பதினாலு பக்கம் என்பதும், அதிலும் சம்பளம் என்று ஒரு கட்டம் இல்லை என்பதும் அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"இதை என்னன்னு எழுதறது?" என்று அவர் பாரம் அக்காவைக் கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "சம்பளம்னு எழுதுங்க மேடம். வேற பேரு நான் சொல்லித்தரமாட்டேன்."

திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அத்தை எழுந்து போய், இரண்டு இடுப்பிலும் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்று முழுக்க நனைந்திருந்தது. மற்றவனைக் காது மேடத்தின் முன் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிங்க. இவளுக்கு மாத்தணும்."

"எவ்வளவு நேரம்?"

"இவன் அம்மாவுக்கு இன்னைக்கு ரெண்டு ஷிஃப்ட். ஆறு மணிக்கு வருவா."

காது மேடம் பேனாவைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு கோப்பை மூடித் தரையில் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

கொடுக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். எழுதித் தர வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.