கடைசிப் பாகத்தை மீட்ட கைன்சா

உகாண்டாவின் எம்பாலே நகரில் நமக்வெக்வே பக்கம் போய், சீருடை தைக்கும் கைன்சா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ரேடியோ நாடகக்காரி வீடு என்று கேட்டால் தெருவே கை காட்டும்.

பகலெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டையும் பாவாடையும் தைப்பாள். வியாழக்கிழமை மாலையானால் தையல் மேசையை ஓரம் தள்ளிவிட்டு, எதிரொலி வராமலிருக்க மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைப்பாள். அக்கம்பக்கத்து ஆட்கள் ஆறு பேர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பேசியதைப் பழைய கணினியில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, சனிக்கிழமை நாலு மணிக்கு வானொலியில் போட அனுப்புவாள். நாடகத்தின் பெயர் ‘மூன்றாம் மருமகள்’. நாற்பது பாகம் ஓடிவிட்டது. நாற்பத்தொன்றோடு கதை முடிகிறது.

முடிவில் மாமனார் தன் பெரிய ரகசியத்தைச் சொல்ல வேண்டும். மாமனாராக நடித்த லாரி டிரைவர் மஃபாபி, வசனத்தையெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துவிட்டு எல்லை தாண்டி ஜூபாவுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். போன இடத்தில் தொலைபேசியும் கிடைப்பதில்லை. அவர் குரல் அந்தக் கணினிக்குள்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நெயும்பே வந்தாள். நாடகத்தில் மாமியார், நிஜத்தில் கைன்சாவுக்கு மூத்த தோழி. முந்தின நாள் வசனத்தாளை அச்செடுக்க அச்சுக்கடைக் கணினியில் போட்ட பென்டிரைவைக் கணினியில் செருகினாள். அடுத்த நிமிஷமே எலிக்குட்டி போல் ஏதோ திரையில் ஓடியது. நாடகக் கோப்புறைகள் இருந்த இடத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி அம்புக்குறி போட்ட குட்டிப் படங்கள் நின்றன. எதைத் தட்டினாலும் கணினி உறைந்துபோனது.

“என்னடீ இது? என் குரல் எங்கே போச்சு?”

“உங்க குரல் மட்டுமா அக்கா? நாற்பத்தோரு பாகமும் போச்சு!”

கைன்சா வயர்களைக் கழற்றினாள். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் கணவன் வம்பேடேயின் வண்டியில் கணினியை ஏற்றிக்கொண்டு, கணினி பழுது பார்க்கும் கிடுடுவின் கடைக்குப் போனாள். கிடுடு இரண்டு நிமிஷம் பார்த்தான், மூன்றாவது நிமிஷம் கொட்டாவி விட்டான்.

“வைரஸ், மேடம். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணும். திங்கட்கிழமை வாங்க.”

“அழிச்சா நாடகம்?”

“நாடகமா? அதான் போயிடுச்சே! இன்னொண்ணு எழுதிக்கோங்க. உங்களுக்கா கதைக்குப் பஞ்சம்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கைன்சா கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வீட்டில் அதை மறுபடி இயக்கி, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள். முந்தின வாரம் இருந்த அளவே இருந்தது. கோப்புகள் போயிருந்தால் இடம் காலியாகியிருக்க வேண்டாமா? துணி திருடுபோன அலமாரி கனக்குமா என்ன?

“அக்கா, எதுவும் போகலை,” என்று கத்தினாள். “உள்ளேதான் இருக்கு. யாரோ மறைச்சு வச்சிருக்காங்க!”

தொலைபேசியில் தேடிப் படித்தாள். கணினியை அணைத்துப் போடும்போது ஒரு விசையை விடாமல் அழுத்தினால், அவசியமானது மட்டும் எழுந்து மற்றதெல்லாம் தூங்கும் பாதுகாப்பு நிலை வரும் என்று தெரிந்தது. மூன்றாவது முயற்சியில் அது வந்தது. அங்கிருந்து பழைய நிலைக்கு மீட்கும் கருவியைத் திறந்து, செவ்வாய்க்கிழமை தேதியைத் தேர்ந்தெடுத்தாள். அரை மணி நேரம் கழித்துக் கணினி சொன்னபடி கேட்டது. உறையவில்லை, திணறவில்லை. அம்புக்குறிப் படங்கள் மட்டும் அப்படியே நின்றன.

“ஆஹா!” என்று நெயும்பே குதித்தாள். குதித்த வேகத்தில் அம்புக்குறி போட்ட படத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள். எலிக்குட்டி மறுபடியும் ஓடியது.

கைன்சா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா! அந்தப் படம்தான் வைரஸோட வாசல். நீங்களே கூப்பிட்டு உட்கார வச்சுட்டீங்க!”

“நான் மாமியார்டீ, வந்தவங்களைக் கூப்பிட்டுத்தானே பழக்கம்!”

அழவா சிரிக்கவா என்று தெரியாமல் இருவரும் சிரித்தார்கள். ஆனால் கைன்சாவுக்கு இப்போது ஒன்று விளங்கிவிட்டது. இந்தக் கணினியை எழுப்பினால் திருடனும் கூடவே எழுவான். அதை எழுப்பாமலே வெளியிலிருந்து உள்ளே நுழைந்து பெருக்க வேண்டும். அதற்கென்றே மீட்பு வட்டு என்று ஒன்று இருப்பதாகப் படித்திருந்தாள். ஆனால் அதை நோயில்லாத கணினியில்தான் தயாரிக்க முடியும். வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி பார்த்துக்கொள்ளும் நபிஃபோவைக் கூப்பிட்டாள். நபிஃபோ இறக்கிப் பதிந்து வைத்த வட்டை, மாலைச் சவாரி முடித்துத் திரும்பிய வம்பேடே கொண்டுவந்து கொடுத்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வட்டைப் போட்டுக் கணினியைத் திறந்தாள். கணினியின் சொந்தத் திரை வராமல் வேறொரு திரை வந்தது, தேடல் தொடங்கியது. பத்து, இருபது, நாற்பது சதவீதம். ஒன்பதே கால் மணிக்கு அறுபத்தெட்டு. அந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்கக் கரண்ட் போனது.

“இன்னைக்கு வராதாம், கம்பம் மாத்துறாங்களாம்,” என்று வம்பேடே வாசலிலிருந்து சொன்னான்.

கைன்சா செருப்பை மாட்டினாள். “வொனியாலா கடையில ஜெனரேட்டர் இருக்கு, இல்லையா?”

வொனியாலா டாக்ஸி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கைன்சா கணவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இன்னொரு வண்டியில் நெயும்பே திரையைக் குழந்தை போல் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடை முழுக்க சனிக்கிழமைக் கூட்டம்.

“இதுக்கும் முடி வெட்டணுமா?” என்றான் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவன்.

“பேன் பிடிச்சிருக்கு, அண்ணே,” என்றாள் கைன்சா. “நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க, ஒட்டிக்கும்.”

கடை சிரிப்பில் அதிர்ந்தது. வொனியாலா ஒரு முடிவெட்டும் இயந்திரத்தைப் பிடுங்கிவிட்டு அவளுக்கு மின்சாரம் கொடுத்தான். தேடல் முதலிலிருந்து தொடங்கியது. வெட்டிக்கொள்ள வந்தவர்கள் வெட்டிய பிறகும் போகவில்லை. “ஐம்பது… எழுபது…” என்று பந்தய ஓட்டம் போலச் சத்தமாகச் சொன்னார்கள். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் முடிந்தது. நூற்று எழுபத்து மூன்று இடங்களில் பிடித்து, எல்லாவற்றையும் அழித்திருந்தது.

கணினியை அதன் சொந்தத் திரையோடு திறந்தாள். அம்புக்குறிப் படங்கள் ஒன்றுகூட இல்லை. கோப்புறைகளும் இல்லை! நெயும்பே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இருங்க, மறைச்சதை இன்னும் வெளியே எடுக்கலை,” என்றாள் கைன்சா. கறுப்புத் திரையைத் திறந்து, மறைப்பை நீக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தாள். தவறு என்று வந்தது. உற்றுப் பார்த்தாள். ஓர் இடைவெளி விட்டுப்போயிருந்தது. போட்டாள், தட்டினாள்.

ஒன்று, மூன்று, பத்து… நாற்பத்தோரு கோப்புறைகளும் மஞ்சள் மஞ்சளாக வந்து வரிசையில் நின்றன. கைன்சா கடைசியைத் திறந்து ஒலியைக் கூட்டினாள். கடைக்குள் மஃபாபியின் கரகரத்த குரல் எழுந்தது: “மகளே, இத்தனை வருஷமா நான் மறைச்சு வச்ச விஷயம் என்னன்னா—”

“நிறுத்து, நிறுத்து!” என்று வொனியாலா கத்தரிக்கோலோடு ஓடிவந்தான். “நாலு மணிக்குக் கேட்டுக்கறோம்!”

கடைசிக் காட்சிகளைச் சேர்க்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க வொனியாலா தானே வாசலில் நின்று, ரகசியம் தெரியக்கூடாது என்று கூட்டத்தை வெளியே நிறுத்தினான். வட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு நிலையத்துக்குள் நுழைந்தபோது நாலுக்கு இருபது நிமிஷம். நபிஃபோ கதவிலேயே மறித்தாள்.

“கைன்சா, கோவிச்சுக்காதே. உன் கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததை எங்க மெஷின்ல போட்டு, நிலையமே படுத்துட்டா என் வேலை போயிடும்.”

“என் கண்ணு முன்னாடியே சோதிச்சுப் பாரு. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நானே வட்டை உடைச்சுப் போட்டுட்டுப் போறேன்.”

தனியாக இருந்த கணினியில் நபிஃபோ சோதித்தாள். கைன்சா கைகட்டி நின்றாள். திரையில் ஒரு பூஜ்யம் வந்தது. நபிஃபோ அந்தப் பூஜ்யத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருடீ சரி பண்ணிக் கொடுத்தது? கிடுடுவா?”

“நான்தான்.”

அதைச் சொன்னபோது தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது கைன்சாவுக்கு. இன்னொரு தரம் சொல்லலாம் போலிருந்தது. சொன்னாள்: “நானேதான்.”

நாலு மணிக்கு அவள் டாக்ஸி நிறுத்தத்தில் இறங்கினாள். ஓட்டுநர்கள் கிளம்பாமல் கதவுகளைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லா வண்டிகளிலும் ஒரே நாடகம். பயணிகளும் அவசரப்படவில்லை. வாழைப்பழம் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்திருந்தார்கள். மாமனார் ரகசியத்தைச் சொன்ன கணத்தில் நிறுத்தம் முழுக்க “ஓ!” என்று ஒரு சத்தம் எழுந்தது. பிறகு கைதட்டல்.

நெயும்பே அழுதுகொண்டே அவள் தோளைக் குலுக்கினாள். கைன்சா அழவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, கூட்டத்தின் நடுவில் நின்று, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.