பேட்டரிப் பெட்டியும் மருதாணிக் கையும்

கடலோரக் கட்டுமாவடியில் தனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்ற சேதி வந்த நாளிலிருந்து செம்மலுக்குச் சோறு இறங்கவில்லை. பெருமையில் வயிறு நிறைந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பெருமையாவது ஒன்றாவது! மனுசன் கூனிக் குறுகிக் கிடந்தார்.

அறந்தாங்கியில் குடியிருக்கும் செம்மல், கடலோரச் செல்போன் டவர்களின் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன். கரண்ட் போனால் டவருக்கு உயிர் கொடுப்பது அதன் அடியில் நிற்கும் இரும்புப் பெட்டியும் உள்ளேயிருக்கும் பேட்டரிகளும்தான். கடற்கரையில் அவற்றைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? உப்புக்காற்று பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்துவிடும். காற்று போகிற வலையில் மணல் அடைத்தால் பெட்டி அடுப்பாகக் கொதிக்கும், பேட்டரி வயிறு உப்பிச் செத்துப்போகும். அதனால் மாதம் ஒருமுறை போய் முனைகளைத் துடைத்து, கிரீஸ் தடவி, வலையைக் கழுவி, மெயின் கரண்டை நிறுத்திப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கஜா புயலுக்குப் பிறகு ராவும் பகலும் பேயாக உழைத்தவர்தான் அவர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பிறகு சோம்பல் வந்துவிட்டது. முழங்கால் வலி என்று அவர் சொல்லிக்கொள்வார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டுதான் பொன்னமராவதியில் மச்சினன் வீட்டுக் கிடாவெட்டுக்கு பைக்கிலேயே போய்வந்தார்.

கட்டுமாவடி டவரை ஒட்டி இடியாப்பக் கடை போட்டிருப்பவள் அஜீசா. அவள் புருசன் ஷாகிர் படகில் போகிறவன். கரை நெருங்கியதும் அவன் போன் அடிப்பான். அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வரும். அதனால் டவர்மேல் அவளுக்குத் தனி அக்கறை. செம்மல் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “இது எதுக்குண்ணே, அது எதுக்குண்ணே” என்று குடைவாள். நாலே மாதத்தில் முழு வேலையையும் கற்றுக்கொண்டாள். ஒரு மழைநாளில் செம்மல் போனிலேயே, “நீயே தொடச்சுப் போட்டோ எடுத்து அனுப்பிடுறியாம்மா?” என்றார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டிக்கு ஒரு சாவி ஏற்கெனவே அவளிடம் கொடுத்திருந்தார்.

“கம்பெனியில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாண்ணே?”

“அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்மா. நான் சொல்லிட்டேன்.”

சொல்லவில்லை. அந்த ஒரு மழைநாள் இரண்டு வருடமாக நீண்டது. மாதா மாதம் அவள் அனுப்பிய போட்டோக்களைத் தன் பெயரில் ஏற்றிவிட்டு இவர் காலை நீட்டிப் படுத்தார். அவளும் காசு பணம் என்று வாய் திறந்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் போனில் கேட்டாள்.

“அடுப்புப் புகை நெஞ்சுக்கு ஒத்துக்கலண்ணே. இந்த டவரப் பாத்துக்கிற வேலையா எதுனா போட்டுத் தரச் சொல்லுங்கண்ணே.”

“சொல்லியிருக்கேம்மா. பாப்பாங்க.”

அதுவும் பொய். அவளுக்கு வேலை கேட்டால், இத்தனை நாளும் துடைத்தது யார் என்ற பேச்சு வந்துவிடுமே!

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், எந்த அறிவிப்பும் இல்லாமல் காற்று கிளம்பியது. கரண்ட் போனது. சுற்று வட்டாரத்து டவர்களெல்லாம் இரண்டு மணி நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. கட்டுமாவடி டவர் மட்டும் மறுநாள் காலை ஜெனரேட்டர் வண்டி வரும்வரை தாக்குப்பிடித்தது. திசை தப்பிய பதினொரு படகுகளுக்குக் கரையிலிருந்தவர்கள் போனிலேயே வழி சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசியாக வந்தது ஷாகிரின் படகு.

அதற்காகத்தான் ஜமாஅத்தும் மீனவர் சங்கமும் சேர்ந்து மீன் ஏலக்கூடத்தில் விழா எடுத்தார்கள். திருச்சியிலிருந்து கம்பெனி மேனேஜர் கோபிநாத்தும் வந்திருந்தார். செம்மல் மேடை ஏறுவதற்கு முன்னால் அஜீசா பெருநாள் சேலையில் ஓடிவந்தாள்.

“பெரிய சாரே வந்திருக்காரு. இன்னைக்கு ஒரு வார்த்த கேட்டுருங்கண்ணே.”

“கேக்குறேம்மா.”

கோபிநாத் பேச எழுந்தார். “நாப்பது டவர்ல இது ஒண்ணுதாங்க நின்னுச்சு. ஏன்னு பாத்தேன். இருபத்துநாலு மாசமா செம்மல் ஒரு மாசங்கூட வேலையத் தவறவிடல!” தன் போனில் போட்டோக்களை எடுத்து, பக்கத்திலிருந்த ஜமாஅத் தலைவர் ஷேக் தாவூதிடம் நீட்டினார். ஷேக் தாவூது ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். பளிச்சென்று பேட்டரி முனை, அதன்மேல் துணி, துணியைப் பிடித்த ஒரு கை. கண்ணாடி வளையல், விரல் நுனியெல்லாம் மருதாணி.

“பொம்பளக் கையாவுல்ல இருக்கு?” அவர் சொன்னது மைக்கிலும் விழுந்தது.

கோபிநாத் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “செம்மல் வீட்டம்மாவா இருக்கும். மனுசன் குடும்பத்தோட வந்து ஒழைச்சிருக்காரு! அப்படித்தான செம்மல்?”

“ஆமா சார்.”

அடப்பாவி மனுசா! அந்த அம்மா கட்டுமாவடிக் கடலை ஒருநாளாவது பார்த்திருக்குமா?

கூடம் அதிரக் கை தட்டினார்கள். செம்மலின் கண், வேண்டாம் வேண்டாம் என்றாலும், பெண்கள் பக்கம் போனது. அஜீசாவும் கை தட்டிக்கொண்டிருந்தவள்தான். பாதியில் நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள், தப்புச் செய்தவள் அவள் என்பதுபோல. அதைப் பார்த்ததும் செம்மலுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த இடத்தை விட்டு ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்குள் பொன்னாடையைப் போர்த்தி, மைக்கையும் கையில் திணித்துவிட்டார்கள்.

“அது எங்க வீட்டம்மா கையில்ல,” என்றார் செம்மல். “அஜீசா கை. இருபத்துநாலு மாசமும் தொடச்சது, கழுவுனது, போட்டோ எடுத்தது எல்லாம் அந்தப் பொண்ணுதான். நான் ரெண்டு வருசமா இங்கிட்டு எட்டியே பாக்கல.”

சொல்லி முடித்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாகக்கூட நினைத்துக்கொண்டார். பாருங்கள், அந்த நேரத்திலும்!

“கம்பெனிக்குத் தெரியாம வெளியாள்கிட்டச் சாவியக் குடுத்தீங்களா?” என்றார் கோபிநாத்.

அஜீசா எழுந்து நின்றாள். “தெரியாமலா? கம்பெனிக்குத் தெரியும்னுதான சொன்னீங்கண்ணே? அப்ப எனக்கு வேலைக்குச் சொல்லியிருக்கேன்னீங்களே, அது?”

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் அண்ணே என்றுதான் கேட்டாள்.

“சொல்லலம்மா.”

“ஒரு தடவகூடவா?”

“இல்லம்மா.”

மைக் அணையவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது. கோபிநாத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய கோபம் எங்கேயோ போய்விட்டது.

“என்ன செம்மல் இது! இந்த டவருக்கு உள்ளூர் ஆளு ஒருத்தரப் போடச் சொல்லி ஒரு வருசம் முந்தியே மேல இருந்து ஆர்டர் வந்துச்சு. மாசா மாசம் ஒங்க போட்டோவப் பாத்துட்டு, இவ்வளவு சுத்தமா இருக்கே, எதுக்குத் தனியா ஒரு ஆளுன்னு நாந்தான் வேணாம்னு எழுதுனேன்.”

அஜீசாவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்ப, நான் நல்லாத் தொடச்சதாலதான் எனக்கு வேலை இல்லாமப் போச்சா சார்?”

செம்மலின் கழுத்தில் பொன்னாடை அப்படியே கிடந்தது. அதைக் கழற்றக்கூட அவருக்குக் கை எழவில்லை.