சீட்டில் உட்கார்ந்த கல்

போன வாரம் எங்கள் கம்பெனி மைதானத்தில் ஒரு கல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

நம்ப மாட்டீர்கள். நான் மட்டும் பார்த்தவுடனே நம்பினேனா என்ன? புல் வெட்டும் வண்டி நடு மைதானத்தில் நிற்கிறது. இன்ஜின் உறுமுகிறது. சீட்டில் ஆளில்லை. ஆள் உட்கார வேண்டிய இடத்தில் ஜம்மென்று ஒரு ஹாலோ பிளாக் கல்!

கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால்... வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டபடி எங்கள் மாமா. கையில் வலை அறுக்கிற கத்தி. அந்தக் கை வண்டிக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஏரிக்கரைப் பசியாவரத்துக்காரர், அந்த ஏரியில் இறால் பிடிப்பவர். வலை போட முறை வராத நாட்களில் மீஞ்சூர் பக்கம் எங்கள் கம்பெனிக்கு வந்து புல் வெட்டுகிறார். நான் அங்கே சேஃப்டி சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய், டிப்ளமா வாங்கி, கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள். ஊரில் எனக்குப் பெயரே 'ஆபீசர்'தான். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

இந்தப் புல் வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சின்ன டிராக்டர் மாதிரி மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அடியில் பிளேடு சுற்றும். சீட்டுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தால் கனம் குறைந்து இன்ஜின் தானாக நின்றுவிடும். ஆளைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. சுவிட்சுக்கு என்ன தெரியும்? உட்கார்ந்திருப்பது மாமாவா, ஹாலோ பிளாக்கா என்று அது முகத்தைப் பார்த்தா சொல்லும்?

"மாமா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்? காதில் சத்தத்தை அடைக்கிற இயர் மஃப். மாட்டச் சொல்லி நச்சரித்தவன் யார் — நானேதான்!

ஓடினேன். கிட்டே போகப் போக ரப்பர் கருகும் வாசனை. குனிந்து பார்த்தால் பிளேடு சுற்றவில்லை. பச்சை நைலான் வலைத் துண்டு ஒன்று அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறது. இன்ஜினோ பெல்ட்டை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. கடைசி இழை அறுந்த நொடியில் பிளேடு விருட்டென்று சுற்றும். அப்போது மாமாவின் விரல்கள் எங்கே இருக்கும்?

இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துத் தள்ளினேன். தொப்பென்று விழுந்தது. இன்ஜின் அடங்கியது.

மாமா நிமிர்ந்தார். இயர் மஃபைக் கழுத்துக்கு இறக்கினார். முகத்தில் கோபம்.

"இன்னா மச்சான், இப்பதான் பாதி அறுத்தேன். அதுக்குள்ள ஆஃப் பண்ட்ட?"

விழுந்து கிடந்த கல்லைக் காட்டினேன். "சீட்ல இன்னா மாமா கல்லு?"

"பின்ன? எந்திரிச்சா பொசுக்குனு செத்துப் பூடுது உன் வண்டி. எத்தினி வாட்டி ஏறி ஏறி ஸ்டார்ட் பண்றது? அதான் எனக்குப் பதிலா ஒருத்தர உக்கார வெச்சேன். நல்ல மனுசன். டீ கூட கேக்க மாட்டாரு."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்த வலைத் துண்டு எங்கிருந்து வந்தது? மாடு மேயாமல் இருக்கப் புதுச் செடிகளைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய வலை. காற்றில் பிய்ந்து புல்லுக்குள் கிடந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் மைதானத்தை ஒரு முறை நடந்து பார்த்து, கல், கம்பி, கயிறு எல்லாவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். அன்றைக்கு அந்த நடை நடக்கவில்லை.

மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிக் குளக்கரைச் சரிவில் குறுக்கே ஓட்டினால் வண்டி கவிழும், நேராக ஏறி நேராக இறங்க வேண்டும் என்று முதல் நாள் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே, "அலைக்கு மூக்கக் காட்டணும், வெலாவக் காட்டக் கூடாது. அதானே?" என்றார். பாடம் முடிந்தது. படகுப் பழக்கம் அங்கே கைகொடுத்தது.

அதே படகுப் பழக்கம்தான் இங்கே கையை வாங்கப் பார்த்தது!

ஏரியில் வலை ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் என்ன செய்வார்கள்? நியூட்ரலில் போட்டு, இன்ஜினைச் சாய்த்து மேலே தூக்கி, கத்தியால் அறுத்து எடுப்பார்கள். இன்ஜினை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் காற்று படகை இழுத்துக்கொண்டு போய் யாருடைய வலைக் கம்பிலாவது சொருகிவிடும். மறுபடி ஸ்டார்ட் ஆகுமா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். தண்ணீரில் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதுதான் தைரியம். தரையில் அது நின்றால்தான் தைரியம். இருபது வருஷம் ஒன்றைப் பழகிய கை, ஒரே வாரத்தில் இன்னொன்றைப் பழகுமா?

"இனிமே கல்லு வெக்காத மாமா," என்றேன்.

"சரி ஆபீசர்."

இந்த 'சரி ஆபீசர்' இருக்கிறதே... அது நான் திரும்பிப் பார்க்கும் தூரம் வரைதான் செல்லும். நான் அந்தப் பக்கம் போனதும் கல் இந்தப் பக்கம் ஏறிவிடும். எனக்கு வேண்டியது நான் இல்லாதபோதும் செல்லுகிற சரி. அதை எங்கே போய் வாங்குவது?

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"கையக் காட்டுயா."

மாமா காட்டினார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் கீது. நாளைக்கும் இருக்குமா?"

"அட, இவன் ஒருத்தன். பிளேடு நின்னுகினுதான்டி இருந்துச்சு. யாரும் இல்லாத நேரம், ரெண்டு நிமிஷ வேலை. அதுக்குப் போயி..."

யாரும் இல்லாத நேரம் — அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு முடிவு செய்துவிடும். உங்கள் முறை வந்தால் நீங்கள் இறங்கலாம். வராத நாளில் இறால் துள்ளி மடியில் விழுந்தாலும் தொடக் கூடாது. அவ்வளவு பெரிய ஏரியில் காவலுக்கு நிற்பது யார்? யாரும் இல்லை. ஆனாலும் ஒருவரும் மீறுவதில்லை.

"மாமா, நாளைக்கு நம்ம பாடு இல்ல. விடியறதுக்கு முன்னாடி அங்க யாரும் வர மாட்டாங்க. போயி வலை வுட்டுட்டு வந்துடலாமா?"

மாமாவின் முகம் மாறியது. "இன்னா பேச்சுடா இது? படிச்சவன்தானே நீ? அடுத்தவன் பாட்டுல கை வெக்கச் சொல்றியா?"

"யாரும் பாக்க மாட்டாங்க மாமா."

"பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா? நம்முது இல்லன்னா இல்ல. அவ்ளோதான்."

"அந்தக் கீ வண்டில இருக்கற வரைக்கும் அது பிளேடோட பாடு மாமா. கீய உருவி உன் ஜோபில போட்டு, இன்ஜினுக்குப் பொறி குடுக்கற பிளக் ஒயரையும் கழட்டுன பொறவுதான் உன் பாடு. இன்னிக்கி அடுத்தவன் பாட்டுல கை வுட்டது நீதான்."

அக்காதான் பேசினாள்.

"இத்தினி நாள் இங்கிலீஷ்லயே கத்திகினு இருந்தியேடா. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

சரிதானே? விதியைச் சொல்வது எனக்கு எப்போதும் சுலபம். இங்கிலீஷில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் என் வேலை முடிந்தது. அந்த விதியை இன்னொருவர் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால், நான் அவர் வீட்டு வாசல் வரை போக வேண்டியிருக்கிறது.

நேற்று முன்தினம் கம்பெனிக்கு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. மேனேஜர் புல்வெளியைப் பார்வையிட வந்தார். அந்த நேரம் பார்த்து பிளேடில் தென்னங்கயிறு சிக்கிக்கொண்டது. நான் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அது மாமாவுக்குத் தெரியாது.

இன்ஜின் நின்றது. மாமா கீயை உருவி ஜோபியில் போட்டார். பிளேடு முழுசாக நிற்கும்வரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கினார்.

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். "என்னப்பா, அதான் நின்னுடுச்சே! சட்டுனு கையை விட்டுப் பிடுங்கிப் போடேன். ஆளுங்க வர்ற நேரம்."

"இருங்க சார். ஒயர் இன்னும் கழட்டல."

"அட, ஒரு தடவைதானே. யாரு பாக்கப் போறாங்க?"

நான் ஷெட் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

மாமா இரண்டு கையையும் மேனேஜரின் முகத்துக்கு நேரே தூக்கி, பத்து விரலையும் விரித்தார். "சார், இதுங்களுக்கு உங்க ஸ்டோர்ல ஸ்பேர் கீதா?"

கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் பிளக் ஒயரைக் கழற்றப் போனார்.

மேனேஜர் தன் விரல்களை ஒரு முறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் பத்திரமாகப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.