பட்டறைக்குப் பின்னால் மாட்டிய வண்டி

என் வீட்டுக்காரருக்கு எதையும் நேராகப் பேச வராது. பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம், "ரெண்டு டிக்கெட் குடுங்க. சிரிக்கிற எனக்கு ஒண்ணு, மொறைக்கிற அம்மாவுக்கு ஒண்ணு" என்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துக்க வீட்டில்கூட வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "உங்க வாய்க்குத்தான் பூட்டு போடணும்" என்று நான் திட்டாத நாள் கிடையாது.

போன வருஷம் வேப்பந்தழை ஒடிக்க மரமேறியவர், விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். திருச்சியில் ஆபரேஷன். பழையபடி நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் அவர் காதுபடவே சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். நடக்கப் பழகச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கால் எப்படியோ போகட்டும், இந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும் என்று கும்பிடாத சாமி இல்லை.

அந்த நேரம் பார்த்துக் குன்னத்துப் பக்கம் எங்கள் காட்டில் சின்ன வெங்காயம் அறுவடைக்கு வந்தது. விலை ஏறும்வரை அதைப் பட்டறை போட்டு வைப்போம். கல் பரப்பி, இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி கட்டி, நடுவில் வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய வேண்டும். எப்போதும் இடம் பார்ப்பவர் அவர். இந்த முறை அவரைத் திருச்சியிலேயே என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஆள் வைத்து நானே போட்டேன். காற்று புகுந்து வர வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கீற்று வேய்ந்த பிறகுதான் பார்த்தேன். வீட்டை ஒட்டி வண்டி நிறுத்தும் கொட்டகையின் வாசலுக்குக் குறுக்கே போட்டிருக்கிறேன். உள்ளே அவருடைய மொபெட்! ஆள் ஒருக்களித்து நுழையலாம், வண்டி வராது. வெங்காயத்தை மறுபடி அள்ளிக் கொட்டினால் அடிபட்டு அழுகிவிடும். என் புத்தியை நானே திட்டிக்கொண்டு அப்படியே விட்டேன்.

காரில் வந்து இறங்கியவர் வாக்கரைப் பிடித்தபடி பட்டறையைப் பார்த்தார். இடுக்கு வழியே வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் ஓடிப்போயிடுவேன்னு வேலி போட்டுட்டியா, புள்ள?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து, "கைதியப் பாத்துட்டு வரேன்" என்று வாக்கரோடு பட்டறைவரை நடக்க ஆரம்பித்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் வேலியின் பெருமைதான். "வெல ஏறட்டும், என் காலும் தேறட்டும். அதுவரைக்கும் கைதிக்கு ஜாமீன் இல்ல" என்பார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது.

ஒருவழியாக விலை ஏறி, அரியலூர் வியாபாரி லாரியோடு வந்தார். பட்டறையைப் பிரித்தார்கள். இவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டியைத் துடைத்துக் கிளப்பினார். மூட்டை தூக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வேலியப் பிரிச்சாச்சு. ஏறு புள்ள, ரெண்டு பேருமே ஓடிப்போயிடலாம்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். முறைத்துக்கொண்டேதான் ஏறி உட்கார்ந்தேன்.